என் முகத்துக்கு அடியில் என்ன எழுதுவது?

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்று, என்னை மேடையேற்றி, ஏறிய பிறகு இறங்கி ஓடிவிடாதபடி படிக்கட்டை மறித்து நாற்காலி போட்டு அமர்ந்திருக்கும் எங்கள் வார்டு உறுப்பினர் பாப்பா அம்மா அவர்களே! ஞாயிறு ஆராதனை முடிந்து, சாப்பிட்டு, கண் சொக்கும் இந்த நான்கு மணி வெயிலிலும் கால் மடக்கி உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே! அடுப்பை அணைத்துவிட்டு வந்தோமா இல்லையா என்ற யோசனையோடு முன்வரிசையில் இருக்கும் தாய்மார்களே! அவர்களில் ஒருவராக, என்னைப் பார்க்காமல் தரையையே பார்த்துக்கொண்டிருக்கும் என் அம்மா ரெஜினா அவர்களே! குப்பத்திலிருந்து மீன் கூடையோடு வந்திருக்கும் ஜோதிலட்சுமி அக்காவே! நகரத்திலிருந்து வந்து, தூணில் சாய்ந்து நின்று, என் பேச்சைச் செல்பேசியில் பிடித்துக்கொண்டிருக்கும் ஷ்யாம் சார் அவர்களே! இத்தனைக்கும் காரணமாகி, இப்போது மேடையின் ஓரத்தில் நகம் கடித்துக்கொண்டிருக்கும் ஓவியர் கிருபாகரன் அண்ணன் அவர்களே! உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

நான் ஜெனிட்டா. பதினேழு வயது. கோட்டைக்குப் பின்னால் இருக்கிற கிருபாகரன் அண்ணனின் பட்டறையில் சட்டைக்குப் படம் அச்சடிக்கிறேன். எனக்குப் பேச வராது. கடையில் தீப்பெட்டி கேட்கவே இரண்டு முறை ஒத்திகை பார்க்கிறவள் நான். ஆகவே எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். தாள் நடுங்கினால் காற்று என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

என்ன? சத்தமாகப் பேசவா? சரி அண்ணா. மைக்கைக் கொஞ்சம் இறக்குங்கள். இது உயரமானவர்களுக்கு வைத்தது.

ஒன்பதாம் வகுப்போடு நின்றவளுக்கு இந்த அடுக்குப் பேச்சு எங்கிருந்து வந்தது என்று சிலர் பார்க்கிறீர்கள். எங்கள் பட்டறைக்கு எதிரே இருக்கிற திடலில்தான் சதுரங்கப்பட்டினத்தில் எல்லாக் கட்சிக்கும் மேடை போடுவார்கள். கதவைச் சாத்தினாலும் குரல் உள்ளே வரும். கேட்டேன், கேட்டேன், கேட்டுக்கொண்டே சட்டை அடித்தேன். மழை பெய்தால் மண் நனைகிற மாதிரி, அது என்னில் இறங்கிவிட்டது.

பெரியோர்களே! நீங்கள் எல்லோரும் என் தலைக்கு மேலே பார்க்கிறீர்கள். எனக்குப் பின்னால், இந்தச் சமுதாயக் கூடத்துச் சுவர் முழுக்க நிற்கிறாளே ஒருத்தி, அவளைப் பார்க்கிறீர்கள். கறுப்பும் சிவப்புமாய், கதிர்கள் சூழ, கைமுட்டி உயர்த்தி, வாய் திறந்து முழங்குகிறாளே, அவளைப் பார்க்கிறீர்கள். கொஞ்சம் கீழே பாருங்கள். நான் இங்கே இருக்கிறேன். அவளும் நான்தான் என்று சொல்கிறார்கள். அவள் காலடியில் ஒரு கறுப்புப் பட்டை வெறுமையாகக் கிடக்கிறது. அதில் என்ன எழுதுவது? எழுதுவதா, எல்லாவற்றையும் அழிப்பதா? அதைத் தீர்மானிக்கத்தான் இந்தக் கூட்டம்.

"அது உன் மூஞ்சி. நாங்க இன்னா சொல்றது? நீயே மேடையில வந்து சொல்லு," என்றார் பாப்பா அம்மா.

"எனக்குப் பேச வராதும்மா."

"வராட்டி எழுதிகினு வா. எழுதவும் வராதுன்னு சொன்ன, ஒதைப்பேன்."

சொல்லத்தான் வந்திருக்கிறேன். ஆனால் முடிவை மட்டும் சொன்னால் நியாயமாகாது. நடந்ததைச் சொல்கிறேன்.

கிருபாகரன் அண்ணன் முன்பு எந்தக் கட்சிக்குச் சுவர் எழுதினார்? எந்தக் கட்சிக்கு எழுதவில்லை என்று கேளுங்கள்! ஒரே தெருவில், காலையில் இடப்பக்கச் சுவருக்கு ஒரு தலைவர், மாலையில் வலப்பக்கச் சுவருக்கு அவரை எதிர்க்கிற தலைவர். "தாடை ஒண்ணுதான், மீசைய மட்டும் மாத்துவேன்," என்பார். சுவர்த் தலைவருக்கு இலக்கணம் உண்டு என்று எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். கீழிருந்து பார்க்கிற மாதிரி முகம் வரைய வேண்டும். முகவாய் தூக்கியிருக்க வேண்டும். கண்...

"கண்ணு மட்டும் நம்மள பாக்கக் கூடாது ஜெனி. நமக்கு மேல, தூரமா எதையோ பாக்கணும்."

"ஏன் அண்ணா?"

"நம்மள பாத்தா, நாம ஏதாவது கேட்டுடுவோம்ல?"

அப்படிப்பட்ட அண்ணனுக்கு ஒரு நாள் ஒரு யோசனை வந்தது. இந்தத் தாடை, இந்தக் கதிர், இந்த ஓங்கிய கை எல்லாம் தலைவர்களுக்கு மட்டும் பட்டா போட்டுக் கொடுத்ததா? மலக்குழியில் இறங்கியவனுக்குக் கதிர் வரையக் கூடாதா? விடுதியில் படுக்கை விரிக்கிறவளுக்கு முகவாய் தூக்கக் கூடாதா? எளியவர்களை ஏமாற்றிய அதே எழுத்தை, எளியவர்களுக்கே எடுத்துக் கொடுத்தால் என்ன?

முதலில் வரைந்தது ஜோதிலட்சுமி அக்காவை. மீன் வெட்டும் கத்தியை ஓங்கிப் பிடித்து, பின்னால் பதினாறு கதிர்கள், முகத்தில் ஒரு நாட்டையே விடுவிக்கப் போகிற கோபம். அடியில் என்ன எழுதட்டும் என்று அக்காவையே கேட்டார். அக்கா யோசிக்கவே இல்லை.

"பேரம் பேசாதேன்னு போடு."

கை தட்டாதீர்கள்; அக்காவுக்குத் தலை கனத்துவிடும். அந்தப் படம் அச்சடித்த சட்டை மாமல்லபுரத்துக் கடைகளில் தொங்குகிறது. எந்த நாட்டுக்காரரோ அதைப் போட்டுக்கொண்டு கடற்கரையில் நடக்கிறார். அக்காவும் அதைப் போட்டுக்கொண்டுதான் மீன் விற்கிறார். பேரம் நின்றதா என்று கேட்டேன். "எங்க நின்னுது? இப்ப படத்துக்கும் சேத்து பேரம் பேசறானுங்க," என்றார். ஆனால் சொல்லும்போது முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. அந்த வெளிச்சத்தை நான் மறுக்க மாட்டேன். கிருபாகரன் அண்ணன் செய்தது நல்ல காரியம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அடுத்து என் முறை வந்தது. நான் கைமுட்டி ஓங்கியவளா? நீங்கள் அறிவீர்கள். படத்துக்கு ஸ்க்ரீன் போட்ட பிறகு, மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய அந்த வலைத்துணியில் ஊசித்துளை இருக்கிறதா என்று வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்ப்போம். துளை இருந்தால் சட்டையில் மைப்புள்ளி விழும். அன்றைக்கு நான் அப்படிச் சட்டத்தைத் தூக்கிப் பிடித்து, வெயில் கூசி, வாய் கோணி நின்றேன். அண்ணன் படம் எடுத்தார்.

"உன்னை வரையட்டுமா ஜெனி?"

நான் தலையாட்டினேன். எனக்குத் தெரிந்த ஒரே பதில் அதுதான்.

ஆறு நாள் சாரத்தில் நின்று வரைந்தார். என் கையிலிருந்த சட்டத்தை எடுத்துவிட்டார். விரல்களை மடக்கி முட்டியாக்கினார். வெயிலுக்குக் கூசிய கண்ணை விழிக்க வைத்தார். கோணிய வாயை முழங்க வைத்தார். நான் ஓட்டை தேடிக்கொண்டிருந்தேன். அவள் உரிமை கேட்டுக்கொண்டிருக்கிறாள்!

பிடிக்கவில்லையா என்று கேட்காதீர்கள். பிடித்தது. தெருவில் தலை குனிந்து போகிறவள், அந்தச் சுவரைக் கடக்கும்போது மட்டும் ஒரு கணம் நிமிர்ந்து போனேன். அதை இங்கே ஒப்புக்கொள்ள எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

சட்டைக்கும் அதே படத்தை ஸ்க்ரீன் போட்டு வைத்தார். சுவரில் அடியில் கறுப்புப் பட்டை அடித்தார். "ஒரு வாசகம் சொல்லு, எழுதிடறேன்," என்றார். எனக்கு ஒன்றும் வரவில்லை. "சரி, யோசி," என்று சொல்லிவிட்டார். மறுநாள் காலை இரண்டு பேரும் மை வாங்கச் செங்கல்பட்டுக்குப் போனோம். என்னிடம் செல்பேசி கிடையாது.

இங்கேதான் நடந்தது அந்தக் கூத்து. தாய்மார்களே, உங்களையே கேட்கிறேன். நம் ஊரில் ஒரு பெண்ணின் முகத்தைப் பெரிதாக எப்போது போடுகிறார்கள்? வயதுக்கு வந்தால் போடுகிறார்கள். வாழ்க்கைப்பட்டால் போடுகிறார்கள். மூச்சு நின்றுபோனால் போடுகிறார்கள். முதல் இரண்டுக்கும் ரோஜாப்பூவும் தங்க எழுத்தும் உண்டு. கறுப்புப் பட்டை எதற்கு உண்டு?

ஆம்! யாரோ பார்த்தார், படம் பிடித்தார், அனுப்பினார். பெண் வீட்டிலும் இல்லை, பட்டறையும் பூட்டு. என் அம்மா கல்பாக்கத்தில் வேலையில் இருந்தார். பகல் பன்னிரண்டு மணிக்குள் சுவரடியில் நான்கு மாலை, ஒரு மெழுகுவர்த்தி. கருங்குழியிலிருந்து என் அத்தை கண்ணகி பேருந்து மாறி மாறி அழுதுகொண்டே வந்து இறங்கிவிட்டார்.

நான் மை டப்பாவோடு வந்து பார்க்கிறேன். கூட்டம். அழுகை. அத்தை தரையில் புரள்கிறார். ஓடிப்போய்க் குனிந்தேன்.

"அத்தை, யாருக்கு இன்னா ஆச்சு?"

"நம்ம ஜெனிட்டா பூட்டாடி!" என்று என் கழுத்தையே கட்டிக்கொண்டு அழுதார். நானும் ஒரு வினாடி அழுதேன்! பிறகு அத்தை மூக்கைத் துடைத்து என்னைப் பார்த்தார். "இன்னாடி... நீ நின்னுகினு கீற?"

பிறகு விழுந்த அடி இருக்கிறதே, அதை இங்கே சொல்ல மாட்டேன்.

சிரியுங்கள். நானும் சிரித்தேன். ஆனால் அடித்து முடித்த பிறகு அத்தை ஒரு வார்த்தை கேட்டார். "உயிரோட கீற பொண்ணுக்கு எவன்டி செவுத்துல இம்மாம் பெரிசா படம் போடுவான்?" சிரிப்பு நின்றுவிட்டது எனக்கு.

மாலையை அகற்றினோம், மெழுகை ஊதினோம். அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தோம். முகம் மட்டும் மாலையோடு செல்பேசி செல்பேசியாகப் போய்க்கொண்டிருந்தது.

பத்து நாள் கழித்து, நகரத்தில் போராட்ட அமைப்பு நடத்துகிற ஷ்யாம் சார் பட்டறைக்கு வந்தார். அண்ணன் வெளியூர்ச் சுவர் வேலைக்கு ஒரு வாரம் போயிருந்தார், நான் மட்டும் மைநெடிக்கு மூக்கைச் சுற்றித் துண்டு கட்டிக்கொண்டு நின்றேன். செல்பேசியைக் காட்டினார்.

"இந்தப் பொண்ணு படம் உங்க கிட்ட ஸ்க்ரீன் இருக்கும்ல? எங்க அமைப்புக்கு இருநூறு சட்டை வேணும்."

நான் தலையாட்டினேன்.

"பாவம். எப்படிச் செத்துச்சு?"

பெரியோர்களே, தாய்மார்களே! அந்த இடத்தில் நான் துண்டை அவிழ்த்திருக்க வேண்டாமா? நான்தான் என்று நாலு எழுத்துச் சொல்லியிருக்க வேண்டாமா? நான் என்ன சொன்னேன் தெரியுமா? "தெரியாதுங்க."

"எப்படியோ. முகமே பேசுது பாருங்க. அடியில 'என் சாவுக்குப் பதில் சொல்'னு போட்டுடுங்க."

ஷ்யாம் சார், உங்களைக் குற்றம் சொல்ல வரவில்லை. செல்பேசியை இறக்க வேண்டாம். உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்தே அடித்தேன். அதுதான் இன்றைக்கு நான் இங்கே சொல்ல வந்த தப்பு.

முதல் பத்துச் சட்டை அடிக்கும்போது கை கூசியது. ஐம்பதில் பழகிவிட்டது. நூறில் அவள் யாரோ ஆகிவிட்டாள். நூற்றைம்பதைத் தாண்டி, மை காயத் தொங்கவிட்ட வரிசையை நிமிர்ந்து பார்த்தேன். நூற்றைம்பது வாய்கள், நூற்றைம்பது முட்டிகள், எல்லாம் சேர்ந்து என்னிடம் பதில் கேட்டன. எனக்கு அழுகை வந்தது. ஐயோ, இந்தப் பெண்ணை யாரோ கொன்றுவிட்டார்களே என்று அழுதேன். சட்டத்தில் இருப்பது என் மூக்கு, என் பல், என் நெற்றித் தழும்பு. வாசகத்தை இழுத்து அடித்தது என் கை. எல்லாம் தெரிந்த எனக்கே அந்தப் படம் அழுகை வரவழைத்தது என்றால், ஒன்றும் தெரியாமல் தெருவில் பார்க்கிறவர் என்ன ஆவார்?

அப்படி ஒருவரைத்தான் என் அம்மா பேருந்தில் பார்த்தார். திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு போகிற வண்டி. எதிர் இருக்கையில் ஓர் இளைஞர். அவர் மார்பில் என் முகம். முகத்துக்கு அடியில் என் சாவு.

என் அம்மா சத்தம் போட்டுப் பேசாதவர். அன்றைக்கு எழுந்து அந்தச் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துவிட்டார். "யார்றா செத்தது? என் பொண்ணு வூட்ல துணி தொவச்சிகினு கீதுடா! கழட்டுடா!"

அந்த இளைஞர் பயந்துபோய், "அம்மா, நாங்க நியாயம்தாம்மா கேக்கறோம்," என்றாராம். கண் கலங்கியிருந்ததாம் அவருக்கு. எனக்காக அழுதிருக்கிறார். நான் வீட்டில் துணி பிழிந்துகொண்டிருந்தேன்.

ஐயாமார்களே, அந்தக் கண்ணீரைத்தான் நான் நினைத்துக்கொண்டே இருக்கிறேன். அது பொய்யில்லையே! பொய்க்கு விழுந்த மெய்க் கண்ணீர். நாளை எங்கேயோ ஒரு பெண் உண்மையிலேயே செத்துப்போய், அவளைப் பெற்றவள் உண்மையிலேயே படத்தைக் கையில் ஏந்தி நின்றால், அந்த இளைஞர் நம்புவாரா? ஒரு முறை ஏமாந்த கண் மறுபடி நனையுமா? யாருக்கோ சேர வேண்டிய அழுகையை நான் வாங்கிக்கொண்டேன். அதை எப்படித் திருப்பிக் கொடுப்பேன்?

ஷ்யாம் சார் விவரம் தெரிந்ததும் நேரில் வந்து வருத்தம் தெரிவித்தார். நல்ல மனிதர். ஆனால் கிளம்பும்போது சுவரைப் பார்த்து நின்றார். "படம் வீணாகக் கூடாதும்மா. 'சாவு'ன்றத எடுத்துட்டு 'வாழ்வு'ன்னு போட்டுக்கலாம். செவுத்த எங்களுக்குக் குடுங்க," என்றார். ஒரே முகம்! காலையில் செத்தவள், மாலையில் வாழ்கிறவள். மீசையைக்கூட மாற்ற வேண்டியதில்லை!

அம்மா உடனே அழிக்கச் சொல்கிறார், அபசகுனம் என்கிறார். கிருபாகரன் அண்ணனுக்கு இது ஆறு நாள் உழைப்பு, அவர் வரைந்ததில் சிறந்தது. அழிக்காதே என்று அவர் ஒரு முறைகூடச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது. "உன் வாசகத்த நீயே சொல்லிடு ஜெனி, எல்லாம் சரியாய்டும். ஜோதிலட்சுமி அக்கா சொல்லல?" என்று மட்டும் கேட்டார்.

யோசித்தேன். மூன்று நாள் யோசித்தேன். வந்ததெல்லாம் திடலில் கேட்ட வாக்கியங்கள். வீறுகொண்டு எழுவோம், வென்று காட்டுவோம், வீழ மாட்டோம். எல்லாமே அந்த முகத்துக்குப் பொருந்தின. எதுவும் எனக்குப் பொருந்தவில்லை. அப்போது, எனக்கு என்னதான் வேண்டும் என்று என்னையே கேட்டேன்.

பெருந்தொற்றில் பள்ளியை மூடினார்கள். திறந்தபோது எல்லோரும் போனார்கள், நான் போகவில்லை. யாரும் ஏன் என்று கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இப்போது தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு எழுத வேண்டும் என்று ஆசை. மற்றப் பாடங்களைப் படித்துக்கொள்வேன். கணக்கு வரவில்லை. சாயங்காலம் ஒரு மணி நேரம் யாராவது எனக்குக் கணக்குச் சொல்லித் தர வேண்டும்.

இதுதான் என் வாசகம். இதை அந்த முகத்துக்கு அடியில் எழுதிப் பாருங்கள். "கணக்குச் சொல்லித் தாருங்கள்!" கைமுட்டி, கதிர், முழக்கம், அடியில் கணக்கு! பார்த்தீர்களா, நீங்களே சிரிக்கிறீர்கள். அவளுக்கு என் வாசகம் சிறியது. எனக்கு அவள் முகம் பெரியது. இருவரில் ஒருவர்தான் இந்தச் சுவரடியில் நிற்க முடியும்.

ஆகவே, தலைவர் அவர்களே, என் முடிவைச் சொல்கிறேன். அழித்துவிடுங்கள். வேறு யாரும் வேண்டாம், நானே அழிக்கிறேன். நாளைக் காலை சுண்ணாம்பு கரைத்துக்கொண்டு சாரத்தில் ஏறுவேன். பட்டறையில் இருந்த ஸ்க்ரீனை இன்று காலையே கழுவிவிட்டேன். துணி வெறும் துணியாகிவிட்டது. மிச்சமிருக்கிற சட்டைகளை ஷ்யாம் சார் திருப்பித் தந்தால், அந்த வாசகத்தின் மேல் மை பூசித் தருகிறேன். அந்தச் சட்டைகளைப் போட்டவர்களிடம், அந்தப் பெண் சாகவில்லை என்று நீங்கள் சொல்ல வேண்டும் சார். நான் பேசுவதைப் படம் பிடித்தீர்களே, அதையே காட்டுங்கள். வெட்டாமல், ஒட்டாமல், முழுதாகக் காட்டுங்கள்.

கிருபாகரன் அண்ணா, நீங்கள் வரையுங்கள். குப்பை அள்ளுகிறவருக்குக் கதிர் போடுங்கள், கூலிக்காரருக்கு முகவாய் தூக்குங்கள். ஆனால் என்னை மாதிரித் தலையாட்டுகிறவளை வரையும்போது, இரண்டாம் முறையும் கேளுங்கள். அவள் வாய் திறக்கும்வரை கேளுங்கள்.

வாய் திறக்கத் தெரியாதவளாக இருந்தவரைக்கும், எனக்காகப் பேச அந்தச் சுவரில் ஒருத்தி இருக்கட்டுமே என்று எனக்கும் ஆசைதான். இன்றைக்கு இத்தனை பேர் முன்னால் இத்தனை நேரம் நானே பேசிவிட்டேன். இனி அவள் ஓய்வெடுக்கட்டும்.

பேச வராதவளைப் பேசவைத்த பாப்பா அம்மாவுக்கும், சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்து, சிரிப்பை நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்திய உங்களுக்கும், இப்போதாவது நிமிர்ந்து என்னைப் பார்க்கிற என் அம்மாவுக்கும் நன்றி. கணக்குத் தெரிந்தவர்கள் மேடைக்குக் கீழே என்னைப் பாருங்கள். வணக்கம்.